ருஸ்லான் ஓவர்ச்சர்: "ராகம் எங்கடா"ன்னு கேட்ட அப்பாவுக்கும் கை மாட்டிக்கிற பிள்ளைக்கும்

மன்னார்குடித் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். ஊர்ல எட்டு வருஷம் கர்நாடக வயலின் கத்துக்கிட்டவராம், இப்ப சென்னைல வேலை, அங்க ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுல செகண்ட் வயலின்ல சேத்துக்கிட்டாங்களாம். ரெண்டு மாசத்துல கச்சேரி, முதல் ஐட்டமே கிளிங்காங்கற ரஷ்யக்காரரோட ருஸ்லானும் லுத்மிலாவும் ஓவர்ச்சர். "எனக்கு அது ஒரே இரைச்சலாவும் ஓட்டமாவும் கேக்குது, கை வேற மாட்டிக்குது, போன்ல போட்டுக் காட்டினா அப்பா இதுல ராகம் எங்கடாங்கறார், இதை எப்படி ரசிக்கிறது எப்படி வாசிக்கிறது"ன்னு கேள்வி.

தம்பி, நான் மாயவரம் பக்கம். பேங்க் வேலையா மெட்ராஸ் போனப்போ உங்களை மாதிரியே ஒரு குழுவுல செகண்ட் வயலின் கடைசி டெஸ்க்ல (ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், அதுதான் டெஸ்க்) பதினோரு வருஷம் உக்காந்திருந்தேன், இதே ஓவர்ச்சரை மூணு கச்சேரில வாசிச்சிருக்கேன், அதுல ஒண்ணு படு சொதப்பல், அதையும் சொல்றேன். இப்ப ரிட்டயர் ஆயி கும்பகோணத்துல இருக்கேன், அதனால நேரம் நிறைய இருக்கு, பதில் நீளமாத்தான் வரும்.

அப்பாவுக்கு முதல்ல பதில் சொல்லிடுவோம், ஏன்னா அவர் கேட்டது நல்ல கேள்வி. ராகம் இருக்கு. பேப்பர்ல டி மேஜர்னு போட்டிருக்கும்ல, அது ஸ-வை டி-ல வச்ச சங்கராபரணம், ஆனா கமகம் இல்லாத சங்கராபரணம், நொட்டுஸ்வரத்துல வர்ற மாதிரி. திருவாரூர்ல பொறந்த முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரங்க மெட்டுக்கெல்லாம் சம்ஸ்கிருத சாகித்யம் போட்டு வச்சாரே, 'ஸந்ததம் பாஹிமாம்'னா இங்கிலாந்து ராஜாவுக்கு பாடற அதே மெட்டு, உங்க வாத்தியார் சின்ன வயசுல சொல்லிக் குடுத்திருப்பார். அதே ஸ்வரங்கள்தான் இங்கயும், வேகம்தான் பத்து மடங்கு.

அப்புறம் ஏன் ராகம் புடிபடலைன்னா, தம்புரா இல்ல. நம்ம கச்சேரில ஸ-வும் ப-வும் சாணி மெழுகின தரை மாதிரி கீழ கிடக்கும், நாம அது மேல நடப்போம். இங்க தரையையே தூக்கி வேற இடத்துல போடுவாங்க. முதல் மெட்டு டி-ல வருது, கொஞ்ச நேரத்துல ரெண்டாவது மெட்டு எஃப் மேஜர்ல வருது, அதாவது நம்ம ஸ-லேந்து பார்த்தா சாதாரண காந்தாரம் இருக்கற இடத்தை புது ஸ-வா ஆக்கிட்டு அங்கேந்து மறுபடியும் ஒரு சங்கராபரணம். பின்னால அதே ரெண்டாவது மெட்டு திரும்ப வரும்போது ஏ மேஜர்ல வரும், அது நம்ம பஞ்சமம் இருக்கற இடம். கடைசியா டி-க்கே வந்து முடிச்சுடுவாங்க. அப்பா காதுல பழைய ஸ ஓடிட்டே இருக்கும்போது தரை நகர்ந்துடுது, அதான் அவருக்கு "எங்கடா"ன்னு தோணுது, அவர் காது நல்ல காதுன்னு அர்த்தம். ஒருதடவை ஸ எங்க போச்சுன்னு மட்டும் பிடிச்சுக்கிட்டு கேக்கச் சொல்லுங்க, ரெண்டே தடவைல அவரே "இப்ப மாத்திட்டான்"னு சொல்லிடுவார்.

சரி, ஓவர்ச்சர்னா என்ன. இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு சாமான் இருக்கு, மல்லாரி. சாமி புறப்பாடுக்கு முன்னாடி கம்பீரநாட்டைல நாயனக்காரர் எடுப்பாரே அது. சாகித்யம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, ஆனா வீட்டுக்குள்ள படுத்திருக்கறவனுக்குக்கூட சாமி கிளம்பிடுச்சுன்னு தெரிஞ்சுடும், செருப்பை மாட்டிட்டு ஓடி வந்துடுவான். தேர் மல்லாரி, தளிகை மல்லாரின்னு சந்தர்ப்பத்துக்கு ஒண்ணு இருக்கும். ஓவர்ச்சரும் அதே வேலைதான், திரை தூக்கறதுக்கு முன்னாடி வாசிக்கிறது, பேசிட்டு இருக்கறவனை வாயை மூட வைக்கணும், உள்ள என்ன கதை வரப்போகுதுன்னு கொஞ்சம் கோடி காட்டணும். மல்லாரில "மெட்டு நல்லா இல்லையே"ன்னு யாராவது குறை சொல்வாங்களா, அதுல நாம பார்க்கறது லயமும் கம்பீரமும்தானே. இதையும் அப்படித்தான் முதல்ல கேக்கணும். ஆலாபனை எதிர்பார்த்து உக்காந்தா ஏமாந்துதான் போவீங்க.

கதை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இசைல கதை இருக்கு. ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1820-ல வெளியிட்ட காவியம். கீவ் இளவரசி லுத்மிலாவுக்கு கல்யாணம், கல்யாண வீட்லயே செர்னோமோர்னு ஒரு குள்ள மந்திரவாதி அவளைத் தூக்கிட்டுப் போயிடறான், அவன் பலமெல்லாம் நீளத் தாடியில. ருஸ்லான் போய் தாடியை வெட்டி மீட்டுக்கிட்டு வரான். அதை கிளிங்கா ஆப்பராவா, அதாவது பாட்டாலயே நடக்கற நாடகமா பண்ணி 1842-ல செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்ல மேடை ஏத்தினார். அந்த வருஷம் நம்ம திருவையாத்துல தியாகராஜ சுவாமிகள் உயிரோட இருக்கார், அவர் சமாதி ஆனது 1847. எனக்கு இதை நெனச்சா ஒரு சிலிர்ப்பு, காவிரிக் கரைல அவர் உஞ்சவிருத்தி போயிட்டு இருக்கற அதே காலத்துல அங்க பனியில இது முதல் தடவை வாசிக்கப்படுது, ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

முதல் நாள் ஆப்பரா பெருசா எடுபடலை, ராஜ குடும்பமே முடியறதுக்கு முன்னாடி எழுந்து போயிட்டாங்களாம். ஓவர்ச்சரை மட்டும் உலகம் பூரா இன்னிக்கும் வாசிக்கறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா கிளிங்கா இதை கடைசியாத்தான் எழுதினார், ஒத்திகை நடந்துட்டு இருக்கும்போது, நேரா முழு வாத்தியக் குழுவுக்கும் சேர்த்தே எழுதிட்டார். அந்த அவசரம் இசைலயே இருக்குன்னு எனக்குத் தோணும், முகூர்த்த நேரம் நெருங்கும்போது கல்யாண வீட்ல இருக்கற ஓட்டம்.

கல்யாணம்னதும் ஞாபகம் வருது. அரண்மனைல ஒரு கல்யாண விருந்து, கிளிங்கா பாடகர்கள் நிக்கற மாடத்துல இருந்தாராம், கீழ கத்தி முள்கரண்டி தட்டு எல்லாம் கலகலன்னு சத்தம் போட்டதைக் கேட்டு அதையே இந்த ஆரம்பத்துல கொண்டு வரணும்னு தோணிச்சாம். எனக்கு இந்த விஷயம் தெரிஞ்ச அன்னிக்குத்தான் இந்த ஓவர்ச்சர் திறந்துச்சு. அதுக்கு முன்னாடி எனக்கும் இரைச்சல்தான். நம்ம ஊர்ப் பந்தில வாழை இலை சத்தம் போடாது, ஆனா சாம்பார் வாளி, கரண்டி, எவர்சில்வர் டம்ளர், "ரசம் ரசம்"னு ஓடற பசங்க, அந்தப் பக்கம் கெட்டிமேளம், இதெல்லாம் ஒண்ணா கேட்டவன்தானே நாம. முதல் நாலஞ்சு செகண்ட் போட்டுப் பாருங்க, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் படார் படார்னு அடிக்கும், நடுவுல வயலினெல்லாம் சர்ருன்னு ஓடும். அந்த அடி கெட்டிமேளம், அந்த ஓட்டம் பரிமாறற பசங்க. இதுக்கு மேல விளக்கம் தேவையே இல்ல.

இப்ப கேக்கற முறை. எல்லாரும் மேல ஓடற வயலினைத்தான் கேப்பாங்க, அதான் இரைச்சலாத் தெரியுது. நீங்க கீழ கேளுங்க. திருவாரூர் ஆழித்தேர் பார்த்திருப்பீங்க, 96 அடி உசரம், சுமார் 300 டன்னும்பாங்க, அது ஓடும்போது மேல தொம்பை ஆடறதைப் பார்க்கறவன் பார்ப்பான், ஆனா விஷயம் தெரிஞ்சவன் கண்ணு சக்கரத்துல, முட்டுக்கட்டை போடறவன் மேல இருக்கும். இங்க சக்கரம் டபுள் பாஸ், அதான் நின்னுக்கிட்டு வாசிக்கற பெரிய தந்தி வாத்தியம், முட்டுக்கட்டை டிம்பனிங்கற பெரிய முரசும் ட்ரம்பெட் ட்ரோம்போன்ங்கற பித்தளை ஊதுகுழலும். எந்த இடத்துல அவங்க அடிக்கறாங்க, எந்த இடத்துல சும்மா இருக்காங்கன்னு மட்டும் ஒருதடவை கேளுங்க. அவ்வளவு பெரிய கூட்டம், புல்லாங்குழல் ஓபோ கிளாரினெட் பஸூன் எல்லாம் ரெண்டு ரெண்டு, கூட ஒரு பெரிய பஸூன், ஹார்ன் நாலு, ட்ரம்பெட் ரெண்டு, ட்ரோம்போன் மூணு, அப்புறம் தந்தி வாத்தியக் கூட்டம், இத்தனை பேரும் அந்த வேகத்துல ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காம ஓடறதே ஒரு அழகு. நாதஸ்வரம் ரெண்டு தவில் ரெண்டு இருக்கற மேளத்துலயே எவ்வளவு சண்டை வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா.

அடுத்த தடவை ரெண்டாவது மெட்டுக்காக மட்டும் கேளுங்க. வயோலா, செல்லோ, பஸூன் வாசிக்கும், ருஸ்லான் லுத்மிலாவை நெனச்சு உள்ள பாடற பாட்டுலேந்து எடுத்தது. நீளமா, பாடறாப்ல இருக்கும். உங்க அப்பாவுக்கு இதுதான் பிடிக்கும், எழுதி வச்சுக்கோங்க. ஓட்டம் நிக்கலை, அடில ஓடிக்கிட்டேதான் இருக்கு, மேல ஒரு மனுஷன் நிதானமா பாடறான். கல்யாண வீட்ல எல்லாரும் ஓடிட்டு இருக்க மாப்பிள்ளை மட்டும் வேற எங்கயோ பார்த்துட்டு உக்காந்திருப்பானே, அப்படி.

முடிவு நெருங்கறப்போ ஒரு இடம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அடித்தட்டு வாத்தியங்க, முக்கியமா ட்ரோம்போன், மேலேந்து படிப்படியா இறங்கும், ஆனா அந்தப் படியெல்லாம் ஒரே அளவு. ஸ, சதுச்ருதி ரி, அந்தர க, ப்ரதி ம, சுத்த த, கைசிகி நி, அவ்வளவுதான், பஞ்சமமே கிடையாது. நம்மள்ல கோப்ரியான்னு அபூர்வமா ஒரு ராகம் இருக்கே, அதே ஸ்வரம். எல்லாப் படியும் ஒரே உசரம்னா எது தரை எது மச்சுன்னு தெரியாது பாருங்க, ஸ-லயே நின்னாலும் ஸ-ன்னு தோணாது. அது செர்னோமோரோட அடையாளம், மந்திரவாதி வரான். ஐரோப்பிய இசைல இந்த ஸ்வர வரிசையை இப்படி வச்சு விளையாடினவங்கள்ல கிளிங்கா ரொம்ப முன்னோடி. ராகம் எங்கன்னு கேட்ட அப்பாகிட்ட இந்த இடத்தைப் போட்டுட்டு "இது என்ன ராகம்பா"ன்னு நீங்க திருப்பிக் கேளுங்க.

எந்த ரெக்கார்டிங் கேக்கறதுன்னா, எவ்கேனி ம்ராவின்ஸ்கி லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக்கோட பண்ணினது இருக்கு, 5 நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுவாங்க, கேட்டா மூச்சு நின்னுடும். ஆனா அதைக் கேட்டு அந்த வேகத்துக்கு பிராக்டிஸ் பண்ண ஆரம்பிச்சுடாதீங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், கை வீங்கினதுதான் மிச்சம்.

இப்ப வாசிக்கிற கதைக்கு வரேன். முதல் நல்ல செய்தி, இது உங்க கைக்குப் புதுசு இல்ல. நாம வயலினை ஸ ப ஸ ப-ன்னு சுருதி சேர்ப்போம், அவங்க ஜி டி ஏ ஈ. டி-யை ஸ-ன்னு வச்சுக்கிட்டா அடுத்த தந்தி ஏ, அது ப. ஆக நடுவுல ரெண்டு தந்தியும் அப்படியே நம்ம ஸ-தந்தியும் ப-தந்தியும், விரல் விழற இடம்கூட சங்கராபரணத்துக்கு நீங்க எட்டு வருஷமா வச்ச அதே இடம். வெளில இருக்கற ரெண்டு தந்திதான் குழப்பும், கனமான தந்தி கீழ்ஸ்தாயி மத்யமம், மெல்லிசு தந்தி மேல் ரிஷபம். நான் முதல் ஒரு மாசம் ஈ தந்தியைத் தொடும்போதெல்லாம் மனசுக்குள்ள "ரி ரி"ன்னு சொல்லிக்கிட்டே வாசிப்பேன். மெட்டு எஃப்-க்கு போகும்போது இந்தக் கணக்கு உதவாது, அங்க நோட் பேர்லயே யோசிக்கப் பழகிடுங்க.

கை மாட்டிக்கிறது எதனாலன்னா பெரும்பாலும் கை இல்ல, வில்லு. நாம ஒரு வில்லுல நாலு ஸ்வரம் எட்டு ஸ்வரம் சேர்த்து இழைச்சு பழகினவங்க, விரல் வழுக்கிட்டுப் போகும், அதுதான் நம்ம அழகே. இங்க ஓட்டத்துல ஸ்வரத்துக்கு ஒரு வில்லு, மேல கீழ மேல கீழன்னு. வழுக்கினா பக்கத்துல இருக்கறவரோட சேராது, சேராட்டா அழுக்காக் கேக்கும். நம்மள்ல இதுக்குப் பக்கமா இருக்கறது தானம் வாசிக்கறது. தினமும் பத்து நிமிஷம் சங்கராபரணத்துல கமகமே இல்லாம தானம் மாதிரி ஒண்ணொண்ணாத் தட்டி வாசிங்க. வில்லை நடுப்பகுதில ரெண்டு விரல்கடை அளவுக்கு மேல நகர்த்தாதீங்க, தோள்பட்டை ஆடவே கூடாது, மணிக்கட்டும் விரலும்தான். சத்தமான இடத்துல வில்லு தந்திலயே ஒட்டியிருக்கணுமா, சத்தம் தணியற இடத்துல துள்ளணுமா, இதெல்லாம் உங்க கண்டக்டரும் (முன்னாடி நின்னு குச்சி ஆட்டி நடத்தறவர்) முதல் வயலின்காரரும் முடிவு பண்ணுவாங்க, பென்சில்ல குறிச்சுக்கோங்க, சொந்தப் புத்தி வேணாம். எல்லார் வில்லும் ஒரே பக்கம் போகணும்ங்கறது அங்க சட்டம்.

வேகக் கணக்கு பார்த்துடுங்க, பயம் போயிடும். நல்ல குழுக்கள் இதை வாசிக்கிறது நிமிஷத்துக்கு சுமார் 135 அரை நோட், அதாவது 135 அடி, ஒரு அரை நோட்டுக்கு நாலு ஸ்வரம், ஆக ஒரு செகண்டுக்கு சுமார் 9 ஸ்வரம். நீங்க ஆதி தாள வர்ணத்தை மூணாம் காலத்துல வாசிச்சிருப்பீங்கல்ல, அதுக்கு பக்கத்துலதான் இருக்கு. உங்க குழு அமெச்சூர்னா 115-120-லயே போட்டுடுவாங்க, அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்கும், யாரும் கேஸ் போட மாட்டாங்க. மெட்ரோனோமை (டிக் டிக்னு தாளம் தட்டற கருவி) 60-ல வச்சு ஆரம்பிங்க, தப்பு இல்லாம மூணு தடவை வந்தா 4 கூட்டுங்க, ஒரு தடவை தப்பு வந்தா 4 குறைங்க. போர் அடிக்கும். முதல் காலம் ரெண்டாம் காலம்னு சரளிவரிசை போட்டு எடுத்த நமக்கு இந்தப் பொறுமை இருக்கணும், வெள்ளைக்காரப் பசங்களுக்கே இருக்கும்போது நமக்கு இல்லாட்டா வாத்தியாருக்கு அவமானம். இன்னொரு வழி, ஓட்டமா வர்ற ஸ்வரங்களை நெடில் குறில் நெடில் குறில்னு நொண்டி நடையில வாசிங்க, அப்புறம் குறில் நெடில்னு திருப்பிப் போட்டு வாசிங்க, அப்புறம் சமமா வாசிச்சுப் பாருங்க, எங்கேந்து வந்துச்சு இந்த சுத்தம்னு ஆச்சரியப்படுவீங்க.

இனி சொல்லப்போறதுதான் எனக்குத் தெரிய பதினோரு வருஷம் ஆனது, அதனால நிறுத்திச் சொல்றேன். கேட்டு வாசிக்காதீங்க. பார்த்து வாசிங்க.

நாம பக்கவாத்தியமாப் பழகினவங்க. பாட்டுக்காரர் ஒரு சங்கதி போட்டா அரை மாத்திரை பின்னாடி நிழல் மாதிரி போவோம், அதுலதான் நம்ம பேரே இருக்கு, காது அப்படியே பழகிடுச்சு. ஆர்கெஸ்ட்ராவுல கடைசி டெஸ்க்ல உக்காந்து முன்னாடி இருக்கறவர் சத்தத்தைக் கேட்டு வாசிச்சா நீங்க எப்பவும் லேட். கணக்கு போடுங்க, சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகுது, அந்தப் பக்கம் டிம்பனி உங்களுக்கு 10 மீட்டர் தள்ளி இருந்தா அவர் அடி உங்க காதுக்கு வர 0.03 செகண்ட் ஆகும். ஒரு ஸ்வரமே 0.11 செகண்ட்தான். கேட்ட உடனே வாசிச்சாக்கூட கால் ஸ்வரம் பின்னாடி, கேட்டு யோசிச்சு வாசிச்சா முழு ஸ்வரம் போச்சு, இது பின்னாடி இருக்கற எல்லாருக்கும் நடந்தா மொத்தமும் கஞ்சி. திருவையாத்துல பஞ்சரத்னம் கோஷ்டில பந்தல் கடைசில உக்காந்து பாடியிருந்தா இது தெரியும், முன்னாடி 'ஜகதாநந்த' முடிச்சு அடுத்ததுக்கு போயிருப்பாங்க, நாம இங்க இழுத்துட்டு இருப்போம். அங்க அது பரவால்ல, பக்தி. இங்க பரவால்லன்னு சொல்ல மாட்டாங்க.

எனக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஒரு ரிகர்சல்ல கண்டக்டர் நிறுத்திட்டு எங்க வரிசையைப் பார்த்து, "கடைசி டெஸ்க் ரொம்ப நல்லா கேக்கறீங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு, காது நல்லா இருக்குன்னுதான் ஊர்ல என்னைப் பாராட்டினாங்க. அன்னிலேந்து ஒரு கண்ணு கண்டக்டர் குச்சி மேல, ஒரு கண்ணு முதல் டெஸ்க்காரர் வில்லு மேல, அந்த வில்லு தந்தியைத் தொடற அதே நொடில என் வில்லும் தொடணும், பேப்பரை ஓரக்கண்ணால பார்த்தாப் போதும். அதுக்கு என்ன வேணும்னா, அந்த ஓட்டமெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கணும். முழுசும் வேணாம், ஒரு இருபது அளவு (பேப்பர்ல கோடு போட்டுப் பிரிச்சிருக்கற bar) இடம்தான் கஷ்டமா இருக்கும், அதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க, நமக்கு மனப்பாடம் பெரிய விஷயமா என்ன, பேப்பரே இல்லாம கத்துக்கிட்டவங்க நாம.

அதுக்காக காதை மூடிக்கச் சொல்லலை. காதை பாஸ் பக்கம் வச்சுக்கோங்க, சக்கரம் ஓடற வேகம் தெரியறதுக்கு. நேரத்தை மட்டும் கண்ணுல வாங்குங்க.

இப்ப அந்த சொதப்பல். ரெண்டாவது தடவை வாசிச்ச கச்சேரி, மே மாசம், ஏசி ஒத்துழைக்கலைன்னு பக்கத்துல ரெண்டு பெடஸ்டல் ஃபேன் வச்சுட்டாங்க. டெஸ்க்ல உள்பக்கம் உக்காந்தவர்தான் பக்கம் திருப்பணும், அது நான். திருப்பினேன், ஃபேன் காத்துல ரெண்டு தாள் சேர்ந்து திரும்பிடுச்சு. என் ஜோடிக்காரர் வாசிச்சுக்கிட்டே என்னைப் பார்த்தார், நான் தாளைப் பிடிக்கப் போய் வில்லு ஸ்டாண்ட்ல இடிச்சு டங்குன்னுச்சு, அந்தப் பதட்டத்துல ஓய்வு எத்தனை அளவுன்னு எண்ணினதை விட்டுட்டு ஒரு அளவு முன்னாடியே ஃபுல் ஃபோர்ஸ்ல குதிச்சுட்டேன். தன்னந்தனியா. இதுல ரெண்டு பாடம் இருக்கு, ஒண்ணு, துணி காயப்போடற கிளிப் நாலு வயலின் பெட்டில எப்பவும் போட்டு வைங்க. ரெண்டு, விட்ட இடத்தைத் தேடிட்டுத் திரும்பிப் போகாதீங்க, தவில்காரர் தப்பு வந்தா என்ன பண்ணுவார், அடுத்த சமத்துல வந்து ஏறிக்குவார், பார்க்கறவனுக்கு வேணும்னே விட்டாப்ல இருக்கும். அதே மாதிரி அடுத்த அளவோட முதல் அடில ஏறிடுங்க. செகண்ட் வயலின்ல பத்துப் பேர் இருந்தா ஒருத்தர் ரெண்டு செகண்ட் வாசிக்காதது யாருக்கும் தெரியாது, ஒருத்தர் தப்பா வாசிச்சது கடைசி வரிசைக்குத் தெரியும்.

அப்புறம் செகண்ட் வயலின்ங்கறதுல உங்களுக்கு ஒரு சின்ன வருத்தம் இருக்கற மாதிரி எழுதியிருந்தீங்க. பல இடத்துல மெட்டு நமக்கு வராது, ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிட்டு இருப்போம், இல்ல நடுவுல இட்டு நிரப்புவோம், உண்மைதான். நாயனத்துல ஒத்து ஊதறவரை நெனச்சுக்கோங்கன்னு ஆறுதல் சொல்லலாம், ஆனா அது முழு உண்மை இல்ல, இந்த ஓவர்ச்சர்ல ஆரம்ப ஓட்டத்துல நீங்களும் ஓடித்தான் ஆகணும். அதனால வருத்தப்பட நேரம் இருக்காது.

மழைக்காலம் பத்தியும் ஒரு வார்த்தை, கச்சேரி கார்த்திகைலன்னு சொல்லியிருக்கீங்க. ஊருக்கு வந்துட்டுப் போகும்போது வயலினை சும்மா பஸ்ல மேல போட்டுட்டுப் போகாதீங்க, நம்ம பக்கம் ஐப்பசி ஈரத்துல பிரடை ஊறி இறுகிக்கும், சென்னை ஏசில கொண்டு போனா சுருங்கி லூஸாகி தந்தி தானா இறங்கிடும். பெட்டிக்குள்ள ஈரம் இழுக்கற பொட்டலம் ஒண்ணு போடுங்க. கச்சேரி அன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அந்த ஹாலுக்குள்ள பெட்டியைத் திறந்து வச்சுடுங்க, வயலின் அந்தக் காத்துக்குப் பழகட்டும். வியர்வைல ஈ தந்தி துருப்பிடிக்கும், துடைச்சுட்டு வைங்க, ஒரு ஸ்பேர் கையில இருக்கட்டும்.

அப்பாவை கச்சேரிக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆசைன்னு கடைசில எழுதியிருந்தீங்க. கூட்டிட்டு வாங்க. மரியாதைன்னு முதல் வரிசைல உக்கார வைக்காதீங்க, முன்னாடி வயலின் சத்தம் மட்டும்தான் மூஞ்சில அடிக்கும். நடு ஹால்ல, செல்லோ வயோலா எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்களோ அந்தப் பக்கம் சாய்ஞ்சாப்ல ஒரு சீட் பிடிங்க, ரெண்டாவது மெட்டு நேரா அவர்கிட்ட வரும். ஓவர்ச்சர் முதல் ஐட்டம், அஞ்சே நிமிஷம், லேட்டா வந்தா கதவை மூடிடுவாங்க, அதனால முந்தின நாள் ராத்திரியே மன்னை எக்ஸ்பிரஸைப் பிடிக்கச் சொல்லுங்க, அன்னிக்குக் காலைல கிளம்பிக்கலாம்னு இருக்க வேணாம்.